டிரெய்லரும் இழுக்கணும், மலையும் ஏறணும்: பிக்கப்புக்குப் பின் டிஃப்ரன்ஷியல் தேர்ந்தெடுப்பது எப்படி

அமெரிக்காவில் பிக்கப் வாங்கும் நம் ஆட்களில் பலர் முதலில் பார்ப்பது இன்ஜின், அப்புறம் சீட், அப்புறம் டாஷ்போர்டுத் திரையின் அளவு. பின் ஆக்சிலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. கேம்பர் டிரெய்லரை மாட்டிக்கொண்டு டென்வரிலிருந்து ஐ-70 வழியாக மேற்கே போக வேண்டும், கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேல் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கத்தைத் தாண்டி, அப்படியே யூட்டாவின் மோவாப் பாறைகளிலும் ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்த பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது. அதற்குள் ஒரு நண்பர் "லாக்கர் போடு" என்பார், இன்னொருவர் "4.10 போடு" என்பார், மூன்றாமவர் "எதுவும் வேண்டாம், டயரை மாற்று" என்பார். மூன்று பேரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

டிரெய்லர் இழுக்க முக்கியமானது கியர் விகிதம், 4.10 என்பது அப்படி ஒரு விகிதம். கரடுமுரடான பாதையில் முக்கியமானது, ஒரு சக்கரம் பிடிப்பை இழக்கும்போது மற்ற சக்கரத்துக்கு விசை போகுமா என்பது. இரண்டும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் இருப்பதால் ஒன்றென்று தோன்றும். உண்மையில் பாகமும் வேறு, முடிவும் வேறு. முதலில் விகிதத்தை முடிவு செய்யுங்கள், அப்புறம் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கரைப் பற்றி யோசிக்கலாம்.

உள்ளே நடப்பது என்ன

இன்ஜின் விசையைப் பின்னால் கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்ட் பினியன் என்ற சின்னப் பற்சக்கரத்தைச் சுற்றுகிறது, பினியன் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுன், கேரியர் என்ற கூட்டின் மேல் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். கேரியருக்குள்ளே நம் ஊர் மெக்கானிக்குகள் ஸ்டார் பினியன் என்று சொல்லும் சின்னப் பற்சக்கரங்கள். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தை ஸ்டார் பினியன்கள் சமாளித்துக் கொடுக்கும். எந்தப் பூட்டும் இல்லாத இந்த எளிய அமைப்புக்கு ஓப்பன் டிஃப்ரன்ஷியல் என்று பெயர்.

இதில் ஒரு குணம் உண்டு. இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே அளவு முறுக்கு விசைதான் போகும். இடது சக்கரம் பனிக்கட்டி மேல் நிற்கிறது, 50 பவுண்டு-அடி வந்ததுமே வழுக்கிவிடும் என்று வைத்துக்கொள்வோம். வலது சக்கரம் காய்ந்த தார் ரோட்டில் நின்றாலும் அதற்கும் கிடைப்பது அதே 50தான். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இடது சக்கரம் வேகமாகச் சுற்றுமே தவிர வண்டி நகராது. டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. சேற்று வயலில் ஒரு டயர் மட்டும் சும்மா சுற்றினால் டிஃப் லாக் பெடலை மிதிப்பார்கள், இரண்டு பெரிய டயரும் சேர்ந்து சுற்றி வண்டி வெளியே வந்துவிடும். கரையேறியதும் காலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் வண்டி நேராக இழுக்கும். பிக்கப்புக்கு விற்கும் எல்லா லாக்கர்களும் அந்தப் பெடலின் வேலையைத்தான் செய்கின்றன. அந்தப் பெடலை யார், எப்போது மிதிப்பது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

படி 1: இப்போது இருப்பதைக் கண்டுபிடியுங்கள்

பாகம் தேடுவதற்கு முன்னால் உங்கள் வண்டியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். லாக்கர் வாங்கப் போய், வண்டியிலேயே லாக்கர் இருந்ததைக் கண்டுபிடிப்பவர்கள் நிஜமாகவே உண்டு. செவி, ஜிஎம்சி பழைய பிக்கப்புகளில் குளோவ் பாக்ஸுக்குள் மூன்றெழுத்துக் குறியீடுகள் நிரம்பிய ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜி80 இருந்தால் பின்னால் தானே பூட்டிக்கொள்ளும் டிஃப்ரன்ஷியல் இருக்கிறது. ஜியு6 என்றால் விகிதம் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10. ஃபோர்டில் டிரைவர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் ஆக்சில் குறியீடு தனியாக இருக்கும், அதை உங்கள் மாடல் வருடத்துக்கான பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிஃப்ரன்ஷியல் மூடியின் போல்ட் ஒன்றில் சின்னத் தகரத் துண்டு தொங்கினால் அதிலும் விகிதம் பொறித்திருக்கும்.

பழைய வண்டியென்றால் ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம், முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கலாம். கையால் பார்த்துவிடுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த் திசையில் சுற்றினால் பெரும்பாலும் ஓப்பன். அதே திசையில் சுற்றினால் லிமிடெட் ஸ்லிப் (முழுசாகப் பூட்டாமல் வழுக்கலை மட்டும் குறைக்கும் வகை) அல்லது லாக்கர். "பெரும்பாலும்" என்று சொல்லக் காரணம் இருக்கிறது: ஜி80, அணைத்து வைத்த எலக்ட்ரிக் லாக்கர், தேய்ந்துபோன கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப் எல்லாமே இந்தச் சோதனையில் ஓப்பன் மாதிரி நடித்து ஏமாற்றும். சந்தேகம் தீர வேண்டுமென்றால் மூடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். எப்படியும் ஆயில் மாற்ற வேண்டிய நேரம் வந்திருக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஓப்பன் என்று தெரிந்தால் விகிதத்தையும் கையாலேயே எண்ணிவிடலாம். ஒரு சக்கரம் தரையில், ஒன்று மட்டும் மேலே. மேலே இருப்பதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றும்போது டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அடியில் ஒருவர் எண்ண, வெளியே ஒருவர் சுற்ற வேண்டும். மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 3.73. மூன்றரையைக் கொஞ்சம் தாண்டினால் 3.55.

படி 2: ஆக்சில் தாங்குமா

இதை யாரும் விரும்பிப் படிப்பதில்லை, ஆனால் பணம் மிச்சமாவது இங்கேதான். எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500 போன்ற அரை டன் வண்டிகளின் பின் ஆக்சில் செமி ஃப்ளோட்டிங் வகை. சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்டே வண்டியின் எடையையும் தாங்குகிறது. அது ஒடிந்தால் சக்கரமே கழன்று வரலாம். எஃப்-250, 2500 வகை முக்கால் டன் வண்டிகளில் ஃபுல் ஃப்ளோட்டிங். எடையைத் தாங்குவது ஹப், ஷாஃப்டின் வேலை சுற்றுவது மட்டும். வண்டி தரையில் நிற்கும்போதே ஷாஃப்டை உருவி எடுத்துவிடலாம்.

உங்கள் டிரெய்லர் 9,000, 10,000 பவுண்டு என்றால், அதையும் மாதத்தில் பல தடவை இழுப்பதென்றால், அரை டன் வண்டியில் டிஃப்ரன்ஷியலை மாற்றிக்கொண்டிருப்பதைவிட முக்கால் டன் வண்டிக்கு மாறுவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்காரும், அது அப்படியே பின் ஆக்சிலுக்குத்தான் போகும். விகிதத்தை மாற்றினாலும் லாக்கர் போட்டாலும் கதவு ஸ்டிக்கரில் அச்சிட்ட எடை வரம்பு ஒரு பவுண்டுகூட ஏறாது. 4.10 மாற்றிவிட்டேன், இனி இன்னும் இரண்டாயிரம் பவுண்டு ஏற்றலாம் என்று கணக்குப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டமும் இன்சூரன்ஸும் அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளாது.

படி 3: விகிதம்

3.55 என்றால் டிரைவ் ஷாஃப்ட் 3.55 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எண் பெரிதாக ஆக இழுவை கூடும், அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்றும் கூடும், நெடுஞ்சாலையில் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். எவ்வளவு கூடுகிறது என்பது வெறும் வகுத்தல் கணக்கு. 3.55இலிருந்து 4.10க்குப் போனால் சக்கரத்தில் முறுக்கு விசை சுமார் 15 சதவீதம் கூடும். 3.55இலிருந்து 3.73க்குப் போனால் 5 சதவீதம்தான். அந்த 5 சதவீதத்துக்காகக் கிரவுன் பினியனைக் கழற்றி மாற்றுவது காசைக் கரியாக்குவது. புதிய வண்டி ஆர்டர் கொடுக்கும்போது 3.73 கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அது வேறு. ஒரே இன்ஜின் உள்ள வண்டியிலும் கம்பெனி சொல்லும் இழுவை வரம்பு விகிதத்தைப் பொறுத்து ஆயிரம் பவுண்டுக்கு மேல்கூட மாறும். அந்த வரம்பைக் கணக்கிடும் ஜே2807 என்ற தரநிலைக்கு அளவுகோலாக இருப்பது டேவிஸ் டாம் மலைப்பாதை. அரிசோனா வெயிலில், ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு, 11.4 மைல் ஏற்றம். விகிதம் எதற்கு என்று அந்த ஏற்றத்தை ஒருமுறை டிரெய்லரோடு ஏறினால் புரிந்துவிடும்.

ஆனால் பழைய அறிவுரைகளை அப்படியே புதிய வண்டிக்குப் பொருத்தாதீர்கள். ஜிஎம்மின் பழைய நான்கு கியர் 4எல்60இ பெட்டியில் முதல் கியர் 3.06. அதோடு 4.10 ஆக்சில் சேர்ந்தால் மொத்தப் பெருக்கம் சுமார் 12.5. இன்றைய எஃப்-150இன் பத்து கியர் பெட்டியில் முதல் கியர் கிட்டத்தட்ட 4.7. சாதாரண 3.55 ஆக்சிலோடு அது சேர்ந்தாலே 16.7 வருகிறது. "இழுவைக்கு 4.10தான்" என்ற வாக்கு நான்கு கியர் காலத்தில் பிறந்தது. உங்கள் வண்டியில் எட்டு அல்லது பத்து கியர் இருந்து, டயரும் கம்பெனி அளவிலேயே இருந்தால், விகிதத்தைத் தொடவே வேண்டியிருக்காது.

டயரை மாற்றினால் கதை மாறும். மோவாப்புக்குப் போகும் ஆசையில் 32 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 35 அங்குலம் போட்டால், உங்கள் 3.55 இப்போது சுமார் 3.25 மாதிரி நடந்துகொள்ளும். வெறும் வண்டியாக ஓட்டும்போது சமாளித்துவிடலாம். டிரெய்லரை மாட்டியதும் மேல் கியரில் நிற்க முடியாமல் பெட்டி மேலும் கீழுமாக மாறிக்கொண்டே இருக்கும், கியர் பெட்டியின் ஆயிலும் சூடாகும். பழைய நிலைக்குத் திரும்ப என்ன விகிதம் வேண்டும்? பழைய விகிதத்தைப் புதிய டயர் விட்டத்தால் பெருக்கி, பழைய விட்டத்தால் வகுங்கள். 3.55 × 35 ÷ 32 = 3.88. கிடைக்கும் அடுத்த எண் உங்கள் ஆக்சிலைப் பொறுத்து 3.92 அல்லது 4.10. இழுவையும் இருப்பதால் நான் 4.10 பக்கம்தான் சாய்வேன்.

நெடுஞ்சாலையில் இன்ஜின் எவ்வளவு சுற்றும் என்று முன்கூட்டியே பார்க்கவும் ஒரு கணக்கு உண்டு. மைல் வேகத்தை விகிதத்தால் பெருக்கி, அதை 336ஆல் பெருக்கி, டயர் விட்டத்தால் வகுத்து, கடைசியாக மேல் கியரின் விகிதத்தால் பெருக்க வேண்டும். மணிக்கு 65 மைல், 32 அங்குல டயர், மேல் கியர் 0.70 என்றால், 3.73க்குச் சுமார் 1,780 சுற்று, 4.10க்குச் சுமார் 1,960. நிறையப் பேர் பயப்படும் அளவுக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை.

அதற்காக 4.88, 5.13 என்று ஏறிக்கொண்டே போகவும் வேண்டாம். எண் பெரிதாகும்போது பினியன் சின்னதாகிறது, அதன் பற்கள் குறைகின்றன, பற்கள் தொட்டுக்கொள்ளும் பரப்பும் குறைகிறது. பாரம் இழுக்கும் வண்டிக்கு அது நல்லதல்ல. இன்னொன்றையும் மறக்கக்கூடாது: வண்டி 4x4 என்றால் முன் ஆக்சிலையும் அதே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும். பின்னால் 4.10, முன்னால் 3.55 என்று வைத்து நான்கு சக்கரத்தையும் இணைத்தால் முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நொறுங்கும். ஆக, செலவும் இரண்டு மடங்கு.

படி 4: லாக்கரா, லிமிடெட் ஸ்லிப்பா

இதில்தான் எல்லோருக்கும் ஆசை, இதில்தான் தப்பும் நடக்கிறது. வகைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கப் போவதில்லை.

கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப் பல பழைய வண்டிகளில் கம்பெனியிலிருந்தே வரும். உள்ளே கிளட்ச் தகடுகள் உண்டு, அவற்றை ஸ்பிரிங் அழுத்திக்கொண்டே இருக்கும். மழை ரோட்டுக்கும் லேசான மண் பாதைக்கும் போதும். தகடு தேயும், தேய்ந்தால் சத்தமே போடாமல் ஓப்பனாக மாறிவிடும். ஆயிலில் உராய்வைச் சீராக்கும் ஃபிரிக்ஷன் மாடிஃபையர் கலக்க வேண்டும், கலக்காவிட்டால் பார்க்கிங்கில் திரும்பும்போது பின்பக்கம் கரகரக்கும். இருப்பதை வைத்துக்கொள்ளலாம். புதிதாகக் காசு போட்டு இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஹெலிக்கல் கியர் வகையில் பிரபலமானது ஈட்டனின் ட்ரூட்ராக். கிளட்ச் கிடையாது, தேய்ந்துபோகும் தகடு கிடையாது, சத்தமும் கிடையாது. பிடிப்புள்ள சக்கரத்துக்கு, பிடிப்பில்லாத சக்கரம் தாங்குவதைப் போலச் சில மடங்கு விசையைத் தள்ளும். மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன பனிக்கட்டி உதாரணத்தில் இடதுக்கு 50, வலதுக்கு 150. வண்டி கிளம்பிவிடும். ஈரமான படகுத் துறையில் போட்டை மேலே இழுக்க, பனி பெய்த மலைச் சாலையில் கேம்பரோடு ஏற, இதைவிடச் சுகமான பொருள் இல்லை. திருப்பத்தில் ஸ்டியரிங்குக்கு ஒன்றும் தெரியாது, ஓட்டுபவர் எதையும் நினைவில் வைக்கவும் வேண்டாம்.

குறை ஒன்றுதான், ஆனால் அது பெரிய குறை. ஒரு பின் சக்கரம் முழுக்க அந்தரத்தில் தொங்கினால் அங்கே பிடிப்பு பூஜ்யம். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால், தொங்கும் சக்கரத்துக்கு ஒரு செயற்கைத் தடை கிடைத்து மற்றதுக்கு விசை போகும். புதிய வண்டிகளில் டிராக்ஷன் கன்ட்ரோல் இதே வேலையைத் தானே செய்யும். இரண்டும் சேர்ந்தால் நடுத்தரமான பாதைகளுக்குத் தாராளம். படிக்கட்டு மாதிரிப் பாறைகளில் மட்டும் திணறும்.

தானியங்கி லாக்கர், அதாவது டெட்ராய்ட் லாக்கர் மாதிரி வகை, எப்போதும் பூட்டியே இருக்கும். திருப்பத்தில் வெளிச் சக்கரம் வேகமாக ஓட முயலும்போது மட்டும் அந்தப் பக்கத்தை விட்டுக்கொடுக்கும். வலுவில் இதற்கு ஈடு குறைவு. பாறைக்கே வாழ்க்கையை அர்ப்பணித்த வண்டிக்கு அருமை. ஆனால் டிரெய்லர் இழுக்கும் வண்டியின் பின்பக்கத்துக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பார்க்கிங்கில் டிக், டிக், அப்புறம் ஒரு டமார் என்று விடும். அது பழகிவிடும், பிரச்சினை அதுவல்ல. வழுக்கும் சாலையில், திருப்பத்தில் ஆக்சிலரேட்டரைக் கொடுத்தாலோ விட்டாலோ இது பூட்டும், அல்லது விடும், எப்போது என்பது உங்கள் கையில் இல்லை. இரண்டு பின் சக்கரமும் ஒன்றாக வழுக்கினால் வண்டியின் வால் பக்கவாட்டில் போகும். பின்னால் 6,000 பவுண்டு டிரெய்லர் தள்ளிக்கொண்டிருக்கும்போது அது நடப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

ஜி80 இதற்கும் ஓப்பனுக்கும் நடுவே நிற்கிறது. இரண்டு பின் சக்கரங்களுக்கும் வேக வித்தியாசம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சுற்றைத் தொட்டால் உள்ளே ஒரு கவர்னர் பொறி பிடித்துக்கொண்டு முழுசாகப் பூட்டும். வண்டி மணிக்கு 20 மைல் அளவைத் தாண்டிவிட்டால் பூட்டாது. ஊரில் மஹிந்திரா தார் வாங்கியவர்கள் கேள்விப்பட்டிருக்கும் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃப்ரன்ஷியலும் இந்தக் குடும்பம்தான். படகுத் துறைக்கும் பண்ணைச் சாலைக்கும் தாராளமாகப் போதும். 35 அங்குல டயர் போட்டு, பாறையில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிப்பவர்கள் கையில் அது வெடித்துச் சிதறும் என்ற பேர் அதற்கு உண்டு. சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் மிதியைக் கூட்டாமல், மெல்லச் சுற்றவிட்டுப் பூட்டிக்கொள்ள நேரம் கொடுத்தால் நீண்ட நாள் வரும்.

கடைசியாக, சுவிட்ச் போட்டால் பூட்டும் வகை. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி தயாரிக்கும் ஏர் லாக்கர் காற்றழுத்தத்தில் வேலை செய்யும், அதற்குச் சின்னக் கம்பிரஸர் ஒன்றும் வேண்டும். ஈட்டனின் இ-லாக்கர் மின்காந்தத்தில் பூட்டும். கம்பெனியிலிருந்தே வரும் லாக்கர்களும் பல உண்டு: டகோமாவின் டிஆர்டி ஆஃப்-ரோடு, நிசான் ஃப்ரான்டியரின் ப்ரோ-4எக்ஸ், எஃப்-150இல் விருப்பத் தேர்வு. அணைத்து வைத்தால் சாதாரண ஓப்பன், டிரெய்லர் இழுக்கும்போது எந்தக் குறும்பும் செய்யாது. போட்டால் இரண்டு சக்கரமும் ஒன்று. ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தாலும் கவலையில்லை.

இழுவை, காடு இரண்டும் வேண்டும் என்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். விலை ஒன்றுதான் இடிக்கும். பாகத்துக்கே ஆயிரம் டாலர் அளவில் ஆகும், மாட்டும் கூலி தனி. பாறையில் ஏறும் எண்ணம் இல்லை, மண் பாதை, பனி, படகுத் துறை மட்டும் என்றால் ட்ரூட்ராக் போதும், மிச்சப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள்.

பூட்டிய வண்டியை ஓட்டுவதற்கும் ஒரு நிதானம் வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் பூட்டக்கூடாது, ஷாஃப்டும் டயரும் முறுக்கிக்கொள்ளும். தடையில் போய் மாட்டிக்கொண்டு சக்கரம் பறக்கும்போது சுவிட்சைத் தட்டாமல், தடைக்கு முன்னாலேயே நிறுத்திப் பூட்டுங்கள். பக்கவாட்டில் சரிந்த ஈரமான பாதையில் பூட்டை எடுத்துவிடுவது நல்லது. ஓப்பனாக இருந்தால் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது மண்ணைப் பிடித்து நிற்கும், பூட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து சரிவில் இறங்கும்.

படி 5: வாங்குமுன் பொருத்தம் பாருங்கள்

லாக்கர் ஆர்டர் செய்ய வண்டியின் பெயர் மட்டும் போதாது. ஆக்சிலின் பெயர் அல்லது கிரவுன் விட்டம், ஷாஃப்டின் நுனியில் உள்ள ஸ்ப்ளைன் என்ற வரிப் பற்களின் எண்ணிக்கை, விகிதம் மூன்றும் வேண்டும். ஃபோர்டின் 8.8 அங்குல ஆக்சில் 28 ஸ்ப்ளைனிலும் வந்தது, 31இலும் வந்தது. தப்பானதை வாங்கினால் ஷாஃப்ட் உள்ளேயே நுழையாது. சில ஆக்சில்களில் விகிதத்துக்குத் தக்கபடி கேரியரே மாறும். டேனா 44இல் 3.73 வரை ஒரு கேரியர், 3.92இலிருந்து வேறு கேரியர். அதனால்தான் விகிதத்தை முதலில் முடிவு செய்யச் சொன்னேன். இன்று 3.73க்கு லாக்கர் போட்டுவிட்டு அடுத்த வருடம் 4.10க்குப் போக நினைத்தால் அந்த லாக்கர் பொருந்தாமல் போகலாம். இரண்டையும் செய்வதாக இருந்தால் ஒரே நேரத்தில் செய்யுங்கள், பேரிங்கும் கூலியும் ஒரு தடவையோடு போகும்.

படி 6: மாட்டுவது, பழக்குவது

கிரவுன் பினியனை உட்கார வைப்பது பிரேக் ஷூ மாற்றுவது மாதிரி வேலை அல்ல. பினியனின் ஆழம், பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி, பேரிங்கின் இறுக்கம் மூன்றும் சரியாக அமைய வேண்டும். இடைவெளி பல ஆக்சில்களில் 0.006 முதல் 0.010 அங்குலத்துக்குள் இருக்கும், காகிதத் தடிமன் அளவு. முதல் தடவையே வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: பற்களில் பெயின்ட் தடவிப் பார்த்த அடையாளத்தைப் போட்டோ எடுத்துத் தருவீர்களா? நல்ல கடையில் மஞ்சள் நிறக் குழம்பைப் பற்களில் தடவி, கையால் சுற்றி, பினியன் எங்கே தொடுகிறது என்று பார்ப்பார்கள். அடையாளம் பல்லின் நடுவில், ஓரத்தைத் தொடாமல் விழ வேண்டும். போட்டோ தர மாட்டேன் என்றாலோ, பழைய பேரிங்கையே போட்டுவிடலாம் என்றாலோ வேறு கடை பாருங்கள்.

ஆயில் விஷயத்தில் லாக்கர் கம்பெனியின் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் நல்ல சிந்தெடிக் ஊற்றினால் நல்லது என்று நினைப்போம். ட்ரூட்ராக்குக்கு ஈட்டன் சொல்வது மினரல் கியர் ஆயில், ஃபிரிக்ஷன் மாடிஃபையர் கலக்கவே கூடாது. அதன் பற்கள் உரசிக்கொண்டால்தானே வேலை நடக்கும்.

புதிய கிரவுன் பினியனைப் பழக்காமல் டிரெய்லரை மாட்டாதீர்கள். முதல் ஓட்டம் 15, 20 நிமிடம், மிதமான வேகம். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் ஆற விடுங்கள். முதல் 500 மைல் பாரம் வேண்டாம், மிதியை அழுத்தவும் வேண்டாம். 500 மைலில் ஆயிலை மாற்றுங்கள். காந்தம் உள்ள டிரெய்ன் பிளக் என்றால் அதில் சாம்பல் நிறத்தில் மை போலப் படிந்திருக்கும், அது சகஜம். விரலில் தேய்த்தால் மழமழவென்று இருக்க வேண்டும். செதிலோ துகளோ குத்தினால் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். அப்புறம் முதல் முறை டிரெய்லர் மாட்டும்போதும் 15 மைலுக்கு ஒரு தரம் நிறுத்தி ஆற விட்டு, இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்துவிட்டுத்தான் நீண்ட பயணம். இந்த நாட்களில் மிதிக்கும்போதோ விடும்போதோ பின்னாலிருந்து ஊளை கேட்டால் "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். சரியாகாது.

படகுத் துறையிலோ ஆற்றிலோ பின் ஆக்சிலைத் தண்ணீரில் இறக்குபவர்கள் ஆக்சில் காற்று வாங்கும் பிரீதர் குழாயை நீட்டி மேலே கட்டிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் பாரம் இழுத்துக் கொதிக்கும் ஆக்சில் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பாலும் காபியும் கலந்த நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, அன்றே மாற்றுங்கள்.

விகிதமோ டயரோ மாறினால் ஸ்பீடோமீட்டரையும் கம்ப்யூட்டரில் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் கியர் மாறும் நேரமும் குழம்பும். வேலை முடிந்ததும் புதிய விகிதத்தையும் ஊற்றிய ஆயிலின் பெயரையும் தேதியையும் டிஃப்ரன்ஷியல் மூடியின் மேல் பெயின்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள். கதவு ஸ்டிக்கர் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும், அடுத்த மெக்கானிக் அதை நம்பித் தப்பான பாகத்தை வாங்கி வந்து நிற்பார்.